பறவைப் பதிவேடு

முதல் கட்டம் தேதி. அடுத்தது நேரம்.
மூன்றாவதில் என்ன பறவை, நான்காவதில் எத்தனை,
ஐந்தாவதில், என்ன செய்தாய்.

விரட்டினேன். விரட்டினேன். விரட்டினேன்.
இம்போசிஷன் எழுதிய பிள்ளையின் நோட்டு மாதிரி
ஐந்தாவது கட்டம் முழுக்க என் கையெழுத்து.

கமலாபுரத்துக்கு வரும் விமானம்
சேர்வராயன் மலைக்கு மேலே முதலில் ஒரு கடுகு.
நான் அந்தக் கடுகைத் தேடி எடுப்பதற்குள்
மயிலுக்குத் தெரிந்திருக்கும்.
கழுத்தை உயர்த்தி ஓடுபாதையின் வெள்ளைக்கோட்டில்
டிக்கெட் எடுத்த மாதிரி நிற்கும்.

வெடி போடலாம், அடிக்கக் கூடாது.
"முருகனோட வண்டி, கூடவே தேசியப் பறவை,
ரெண்டு பக்கமும் ஆளிருக்கு அதுக்கு" என்பார்
தீயணைப்பு வண்டி ராஜமாணிக்கம்.
அவர் வண்டி தினமும் குளிக்கும்,
நெருப்பை இன்னும் பார்த்ததில்லை.
"வேடியம்மா, வெடியம்மா" என்று என் பேரை உடைத்து
அவரே சிரித்துக்கொள்வார்.
மத்தியானம் வரை ஒருவருக்கும் வேறு வேலை இல்லை.

மூன்று வருஷத்தில்
கண்ணாடிக் கதவு இருக்கிற பக்கம் நான் போனதில்லை.
விமானத்தின் முகம் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு.
எனக்குத் தெரிந்தது வயிறு.
மடக்கிய காலை அது நீட்டுகிற நேரம்,
எண்ணெய்க் கறை, ஒரு ஒட்டு,
புல்லை ஒரே பக்கமாகச் சீவிவிட்டுப் போகும் காற்று.

ஐப்பசி மழைக்கு இடுப்புயரம் வளர்ந்த புல்லில்
பதினோராவது விளக்கிலிருந்து நாற்பது அடி தள்ளி
இன்று காலை கோழி ஒன்று எழுந்து நடந்தது.
மயில் கோழிதான், தோகை இல்லை, ஆர்ப்பாட்டமும் இல்லை.
எழுந்த இடத்தில் நான்கு முட்டை.
மோர் நிறம். தொட்டேன், சூடு.

வியாழக்கிழமை டிராக்டர் வரும்.

போன ஆடியில் எங்கள் காட்டுக்கும் வந்தார்கள்.
டேப், குடை, ஒரு தடிமன் நோட்டு.
கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், மரவள்ளி நிற்கிற இடம்.
ஓடுபாதை நீளுமாம், பெரிய விமானம் இறங்குமாம்.
கல் நட்டார்கள், அதில் சிவப்பு நம்பர்.
நோட்டில் கிணறு என்றொரு கட்டம் இருந்தது.
பையன் எங்கள் கிணற்றின் மேட்டில் நின்றபடி
குனிந்து பார்க்காமல்
அதில் 'இல்லை' என்று எழுதினான்.
"தண்ணி இருந்தாத்தானுங்க கிணறு,
அது இப்போ குழி" என்றான்.
நல்ல பையன். மோர் கொடுத்தேன், குடித்தான்.

டிராக்டர் ஓட்டுகிற துரைசாமியிடம்
பதினோராவது விளக்கண்ட
கண்ணாடிவிரியன் கிடக்கிறது என்றேன்.
எத்தனை என்று கேட்டான்.
நாலு என்று வாய் தவறியது.
அவன் என்னைப் பார்த்தான், நான் மலையைப் பார்த்தேன்.
"அப்போ ஒரு வண்டிச்சக்கர அளவுக்கு விட்டுடறேன்" என்றான்.

இன்று விமானம் இருபது நிமிஷம் தாமதம்.
ஏற்காட்டுப் பக்கம் மேகம்.
ஜீப் நிழலில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன்.
கோழி திரும்பி வந்தது தெரிந்தது,
புல் அசைந்து, பிறகு அசையாமல் போனது.
விமானம் இறங்கியபோது
அந்த இடத்துப் புல் மட்டும்
அரைக்கணம் தாமதமாகச் சாய்ந்ததா,
எனக்குத்தான் அப்படித் தோன்றியதா.

நேரம், பத்து நாற்பது.
என்ன பறவை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
முட்டைக்குக் கட்டம் இல்லை.
முட்டை இன்னும் பறவையும் இல்லை.
அவ்வளவு வரைக்கும் எழுதியது உண்மை.

கோழிக்கு மட்டும்தான்
நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

பறவை: இல்லை.
எண்ணிக்கை: ஒரு கோடு.
என்ன செய்தாய் என்பதில்
பழக்கத்தில் 'வி' போட்டுவிட்டேன்.
அடிக்க முடியாது, ஆபீசர் கேட்பார்.
யோசித்து, அதையே நீட்டி
'விட்டேன்' என்று எழுதினேன்.

கையொப்பம், க. வேடியம்மாள்.